பந்து அங்கேயேதான் கிடக்கிறது, மனசு எங்கே?

கிரிக்கெட் ஆடியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பவுலர் ஓடி வரும்போது வேறு எதையும் யோசிக்க நேரம் கிடையாது. போன பந்தில் பீட் ஆனது, வீட்டில் கரண்ட் பில் கட்டாதது எல்லாம் அந்த நொடியில் தானாக மறந்துபோகும், ஏனென்றால் பந்து நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது, கவனிக்காவிட்டால் ஸ்டம்ப் பறக்கும் இல்லை காலில் அடி விழும். நம்மை நிகழ்காலத்துக்கு இழுத்து வருகிற வேலையை அந்தப் பந்தே பார்த்துக்கொள்கிறது. கோல்ஃபில் அந்த உதவி கிடையாது. பந்து புல்லில் சும்மா கிடக்கும். நாம் அடிக்கிறவரை அது எங்கேயும் போகாது. அந்த நேரத்தில்தான் மனசு ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறது.

புதிதாக கோல்ஃப் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கிற அறிவுரை, "இந்த ஷாட்டில் மட்டும் இருங்கள்" என்பது. கோச் சொல்வார், கூட ஆடுகிறவர் சொல்வார், டிவி வர்ணனையாளரும் சொல்வார். சரி, இருக்கலாம், எப்படி இருப்பது? அதை யாரும் பொறுமையாக உட்கார்ந்து விளக்கி நான் கேட்டதில்லை. பல வருஷம் ஆடி, நிறைய பந்துகளைத் தொலைத்த பிறகுதான் எனக்கு இது கொஞ்சம் பிடிபட்டது. பிடிபட்ட பிறகுதான் இந்த ஆட்டத்தின் மேல் உண்மையான பிரியமே வந்தது. அதனால் இப்போதுதான் கிளப்பைக் கையில் எடுத்திருக்கிறவர்களுக்காக, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு முழு ஆட்டத்துக்கு 18 ஹோல், அதாவது பதினெட்டுக் குழிகள், அதை ஆடி முடிக்க சுமார் 4 மணி நேரம் ஆகும். கிளப்பைப் பின்னால் தூக்கி, பந்தை அடித்து, ஸ்விங்கை முடிக்க 2 வினாடிகூட ஆகாது. ஒரு புதியவர் 100 ஷாட் அடிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், அவர் உண்மையில் பந்தை அடிக்கிற மொத்த நேரம் மூன்று நிமிஷத்துச் சொச்சம். மீதியெல்லாம் நடை, காத்திருப்பு, பந்து தேடுவது, பேச்சு. உடம்புக்கு மூன்று நிமிஷ வேலை, மனசுக்கு 4 மணி நேர ஓய்வு! அவ்வளவு ஓய்வு கிடைத்தால் மனசு சும்மா இருக்குமா?

அதே கணக்கை இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். 2019ல் திருத்தப்பட்ட கோல்ஃப் விதிகள், உங்கள் முறை வந்தபின் ஒரு ஷாட்டை 40 வினாடிக்குள் அடித்துவிடச் சொல்லிப் பரிந்துரைக்கின்றன. 100 ஷாட்டுக்கு 40 வினாடி என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரம்தான் நீங்கள் முழுக் கவனத்தோடு இருக்க வேண்டியது, அதுவும் துண்டு துண்டாக. 4 மணி நேரமும் மனதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. புதியவர்கள் பலர் இங்கேதான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முதல் ஹோலிலிருந்தே பல்லைக் கடித்துக்கொண்டு தீவிரமாக ஆடுவார்கள், பன்னிரண்டாவது ஹோல் வரும்போது உடம்பைவிட மனசு களைத்துப்போயிருக்கும். கவனத்தை விளக்கு மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும், வேண்டும்போது போடுவது, முடிந்ததும் அணைப்பது.

இனி, மனசு எங்கெல்லாம் போகிறது என்று பார்க்கலாம். பின்னால் போவதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

நான் ஆட ஆரம்பித்த இரண்டாவது வருஷம். ஒரு பார் 4 ஹோல், அதாவது நாலு ஷாட்டில் முடிக்க வேண்டியது. டீ ஷாட், அதாவது அந்த ஹோலின் முதல் ஷாட், வலது பக்க மரங்களுக்குள் போய்விட்டது. பந்து கிடைத்தது, இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு ஆள் நுழைகிற அளவு இடைவெளியும் தெரிந்தது. பக்கவாட்டில் புல் வெட்டிய ஃபேர்வேக்குத் தட்டிவிட்டிருக்கலாம், செய்யவில்லை. அந்த இடைவெளி வழியாக அடித்தேன், மரத்தில் பட்டு எனக்குப் பின்னால் போய் விழுந்தது. அந்தக் கோபத்திலேயே திரும்ப அதே ஷாட், திரும்ப மரம். அந்த ஹோலில் 9 போட்டேன். அது பரவாயில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் அடுத்த ஹோல் தொடங்குகிற டீயில் நின்று கூட ஆடியவர்களிடம் அந்த இடைவெளி எவ்வளவு அகலம், பந்து எப்படிப் பட்டது என்று விளக்கிக்கொண்டே இருந்தேன். அதற்கடுத்த ஹோலிலும் அதே பேச்சு. அந்த இரண்டு ஹோலிலும் டீ ஷாட் எங்கே போனது என்றுகூட எனக்கு இன்று ஞாபகம் இல்லை, 9 போட்ட ஹோலின் மரப்பட்டை மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அன்றைக்கு எனக்குக் கேடியாக வந்தவர் வயதானவர், சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்து அதே மைதானத்தில் பை தூக்குகிறவர். ரொம்ப நேரம் பேசாமல் வந்தவர், கடைசியில் சொன்னார்: "சார், நீங்க இன்னும் அந்த மரத்துக்கிட்டயே நிக்கிறீங்க. நாம இங்க வந்துட்டோம்."

அவரிடம் நான் கற்றுக்கொண்ட இன்னொன்று அந்த வார்த்தையைவிட எனக்கு உபயோகப்பட்டது. ஷாட் அடித்து முடித்ததும் கிளப்பை வாங்கிக்கொள்வார். ஈரத்துண்டால் அதன் முகத்தைத் துடைப்பார். கோடுகளுக்குள் அடைந்திருக்கிற மண்ணை பந்தை வைக்கிற சின்ன மர ஆணியின், அதற்கும் டீ என்றுதான் பெயர், கூர் முனையால் ஒவ்வொரு கோடாகச் சுரண்டி எடுப்பார், திரும்பத் துடைப்பார், வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுப் பையில் வைப்பார். அவசரமே இருக்காது. அடுத்த கிளப்பையும் நான் கேட்ட உடனே நீட்டமாட்டார். பந்துக்குப் பக்கத்தில் வந்து, பையை இறக்கி வைத்து, நான் பந்து கிடக்கிற இடத்தைப் பார்த்து முடித்த பிறகுதான் கைப்பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டுவார். கொஞ்ச நாளில் எனக்கு ஒன்று புரிந்தது. மண் சுரண்டி முடிகிற நேரத்தில் போன ஷாட்டும் முடிந்துபோகிறது. கைப்பிடி என் கைக்கு வருகிற நேரத்தில் அடுத்த ஷாட் தொடங்குகிறது. இப்போது தனியாகப் பையைத் தள்ளிக்கொண்டு போகிற நாட்களில் நானே அதைச் செய்கிறேன். கோபம் எவ்வளவு இருந்தாலும் சரி, சந்தோஷம் எவ்வளவு இருந்தாலும் சரி, மண் போகிறவரைதான்.

டைகர் வுட்ஸுக்கு இதேபோல ஒரு பழக்கம் உண்டு, பத்துக் காலடி நடக்கிறவரை மோசமான ஷாட்டுக்காகக் கோபப்படலாம், அதற்குப் பிறகு விட்டுவிட வேண்டும். எனக்கு இதில் பிடித்தது, கோபமே படாதே என்று சொல்லாமல் அதற்கு ஒரு எல்லை வைத்திருப்பது. வந்த கோபத்தை வரவில்லை என்று நடித்தால் அது அடுத்த ஸ்விங்கில் தோள்பட்டையில் வந்து உட்காரும்.

முன்னால் போகிற மனசு இதைவிடத் தந்திரமானது, ஏனென்றால் நாம் நன்றாக ஆடுகிற நாளில்தான் அது வரும். பதினாலாவது ஹோல் முடிந்து ஸ்கோர் கார்டைப் பார்ப்பீர்கள். கூட்டிப் பார்த்தால், இன்னும் நாலு ஹோலில் எல்லாம் போகி, அதாவது பாரைவிட ஒன்று கூட, போட்டால்கூட வாழ்க்கையில் முதல் தடவையாக 90க்குள் வந்துவிடலாம் என்று தெரியும். அந்தக் கணம் முதல் நீங்கள் பதினைந்தாவது டீயில் இல்லை, கிளப் ஹவுஸில் உட்கார்ந்து 89 என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். கை மட்டும் இங்கே டிரைவர் கிளப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் என்ன நடக்கும் என்று கோல்ஃப் ஆடிய எவரையும் கேளுங்கள். நான் சொல்கிற வழி சுலபமானது: ஒவ்வொரு ஹோலுக்கும் எண்ணை எழுதுங்கள், கூட்டாதீர்கள். கூட்டல் எங்கேயும் ஓடிப்போகாது, பதினெட்டாவது ஹோலுக்குப் பிறகு அங்கேயேதான் இருக்கும்.

பக்கவாட்டில் போவதும் உண்டு. கூட ஆடுகிறவர் 250 கஜம் அடிக்கிறார், நான் 180தான் அடிக்கிறேன் என்கிற எண்ணம். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் கோல்ஃபை 2021 ஆகஸ்ட்டில் அதிகாலையில் எழுந்து பார்த்தவர்களுக்கு அதிதி அசோக் ஞாபகம் இருப்பார். பெங்களூருப் பெண், கசுமிகசேகி மைதானத்தில், அம்மாதான் கேடி. நெல்லி கோர்டா போன்றவர்கள் டிரைவ் அடித்தால் இவருடைய பந்து பல கஜம் பின்னால் கிடக்கும், அதனால் இரண்டாவது ஷாட்டை இவர்தான் முதலில், அதுவும் நீளமான கிளப்பை எடுத்து அடிக்க வேண்டியிருக்கும். ஹோலுக்கு ஹோல் இதுதான். அப்படியும் கடைசி நாளை இரண்டாவது இடத்தில் தொடங்கி, ஒரே ஒரு ஷாட்டில் பதக்கம் தவறி நாலாவதாக முடித்தார். அவருக்குள் என்ன ஓடியது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் டிவியில் தெரிந்தது இது: அடுத்தவரின் தூரத்தைத் துரத்தி அவர் ஒரு ஸ்விங்கையும் வேகப்படுத்தவில்லை. தன்னிடம் இருக்கிற தூரத்தை வைத்து, பந்தைக் குழிக்குள் உருட்டுகிற தன் பட்டர் கிளப்பை நம்பி, வரிசையாகத் தன் ஆட்டத்தை ஆடிக்கொண்டே போனார். அன்றைக்குப் பதக்கம் போனதில் எனக்கு இன்னமும் வருத்தம்தான், ஆனாலும் புதியவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல நாலு நாள் எனக்குத் தெரியவில்லை.

சரி, மனசு பின்னாலும் போகக்கூடாது, முன்னாலும் போகக்கூடாது என்றால் எங்கேதான் இருக்க வேண்டும்? "இங்கே" என்றால் என்ன?

இதைத் தியானம், ஞானம் என்று பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷாட்டுக்கு வேண்டிய தகவல் எல்லாம் நீங்கள் நிற்கிற இடத்தில்தான் இருக்கிறது, வேறு எங்கேயும் இல்லை, அதனால்தான் அங்கே இருக்கச் சொல்கிறார்கள். ஊட்டி மாதிரி மலை மைதானத்தில் ஆடினால் இது உடனே விளங்கும். சமதளமான இடமே அபூர்வம். பந்து உங்கள் பாதத்தைவிட மேட்டில் கிடந்தால், வலதுகைக்காரருக்கு அது இடது பக்கம் இழுக்கும். பாதத்தைவிடக் கீழே கிடந்தால் வலது பக்கம் போகும். காலைப் பனியில் புல் நனைந்திருந்தால் பந்துக்கும் கிளப்புக்கும் நடுவே ஈரம் மாட்டும். ஃபேர்வேக்கு வெளியே உயரமாக வளர்ந்திருக்கிற ரஃபில் புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, உங்கள் ஸ்விங்குக்கு எதிர்ப்பக்கமா, அதே பக்கமா? பந்து புல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, உள்ளே புதைந்திருக்கிறதா? காற்று இடது காதில் படுகிறதா, வலது காதிலா? அங்கே காற்று லேசாக இருப்பதால் கீழே அடிக்கிற தூரத்தைவிடக் கூடுதலாகவும் போகும். இத்தனை விஷயமும் பந்துக்குப் பக்கத்தில் நின்றபடி உங்களுக்குச் சொல்லப்பட்டுக்கொண்டிருக்கிறது. போன ஹோலில் 9 போட்டது இதில் ஒன்றையும் சொல்லாது. 89 கனவும் சொல்லாது.

அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது, மனசைக் காலியாக்கப் பார்க்காதீர்கள், அது நடக்காது. மனசுக்கு வேலை கொடுங்கள். பந்து எப்படிக் கிடக்கிறது, காற்று எப்படி, எங்கே போக வேண்டும் என்று மூன்று கேள்வி கேட்டால் போதும், அது தானாக இங்கே வந்துவிடும்.

மனசைக் காலியாக்க முடியாது என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. மருந்து குடிக்கும்போது குரங்கை மட்டும் நினைக்காதே என்று வைத்தியர் சொன்னாராம், அதுவரை குரங்கையே நினைக்காத ஆளுக்கு அன்றிலிருந்து மருந்தைத் தொட்டாலே குரங்கு வந்ததாம். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987ல் இதையே வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்துப் பார்த்தார், நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களுக்குக் கரடி திரும்பத் திரும்ப வந்தது. பிறகு 1998ல் அவரும் சகாக்களும் கோல்ஃப் பட்டிங்கையே, அதாவது பட்டரால் பந்தை உருட்டி அடிப்பதையே, எடுத்துக்கொண்டார்கள். குறியைத் தாண்டி மட்டும் அடித்துவிடாதே என்று சொல்லி, கூடவே ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளவும் சொன்னால், ஆட்கள் குறியைத் தாண்டித்தான் அடித்தார்கள். கோல்ஃப் மைதானத்தில் நம் குரங்கு பெரும்பாலும் தண்ணீர். இடது பக்கம் குளம் இருக்கிற ஹோலில் "இடது பக்கம் மட்டும் போயிடக்கூடாது" என்று சொல்லிக்கொண்டு அடிக்கிறவர், தன் உடம்புக்கு இடது பக்கத்தைத்தான் ஞாபகப்படுத்துகிறார். அதற்குப் பதில் வலது பக்கம் தூரத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள், மரம்கூடப் பெரிது, அதில் ஒரு கிளையைத் தேர்ந்தெடுங்கள். "அந்தக் கிளை" என்று மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள். கோல்ஃபின் பெரிய போட்டிகளான மேஜர்களில் 18 பட்டங்களை வென்ற ஜாக் நிக்லஸ், பயிற்சியில்கூட பந்து பறந்து போய் விழுகிற காட்சியை மனதில் தெளிவாகப் பார்க்காமல் அடித்ததில்லை என்று சொல்லியிருக்கிறார். நமக்கு அவ்வளவு தெளிவான படம் வராது. ஒரு கிளை வந்தால் போதும்.

இன்னொரு சிக்கல், ஸ்விங்கைப் பற்றியே யோசிப்பது. இதைப் பலர் நிகழ்காலத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். முழங்கை மடங்கக்கூடாது, தலை அசையக்கூடாது, இடுப்பு முதலில் திரும்ப வேண்டும், மணிக்கட்டு... பந்தின் முன்னால் நின்று இப்படி ஐந்து கட்டளை ஓடினால் அது கவனம் இல்லை, உடம்பின் வேலையில் குறுக்கிடுவது. மாடிப்படி இறங்கும்போது எந்தக் காலை எப்போது வைக்கிறேன் என்று யோசித்துப் பாருங்கள், அங்கேயே தடுமாறும். சையன் பெய்லாக் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2000களின் தொடக்கத்தில் பட்டிங்கை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளில் இது தெரிந்தது: தேர்ந்த ஆட்டக்காரர்கள் தங்கள் அசைவை ஒவ்வொரு படியாகக் கவனித்தால் மோசமாக அடித்தார்கள். ஆனால் புதியவர்களுக்கு நேர்மாறு, அசைவைக் கவனித்து அடித்தபோதுதான் அவர்கள் நன்றாக அடித்தார்கள். இதைப் புதியவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் டிவியில் பெரிய ஆட்டக்காரர்கள் "நான் எதையும் யோசிக்கவில்லை" என்று சொல்வதைக் கேட்டு, பிடியே சரியாக வராத ஒருவர் எதையும் யோசிக்காமல் அடித்தால் பந்து எங்கே போகும்?

என் யோசனை இது. டிரைவிங் ரேஞ்சில் எவ்வளவு வேண்டுமானாலும் அசைவைப் பற்றி யோசியுங்கள், வீடியோ எடுங்கள், கோச்சைக் கேளுங்கள். மைதானத்துக்கு வரும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். "மெதுவாகப் பின்னால்" என்பது மாதிரி ஒரு சொல். அன்று முழுக்க அதுதான். அது வேலை செய்யாவிட்டால் நடுவில் மாற்றாதீர்கள், அடுத்த முறை ரேஞ்சில் பார்த்துக்கொள்ளலாம்.

யோசனையை எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு நல்ல உத்தி இருக்கிறது. அனிகா சோரன்ஸ்டாமுக்குக் கற்றுக்கொடுத்த பியா நில்சனும் அவருடைய சக கோச் லின் மேரியட்டும் சொல்வது. 2001ல் ஒரே சுற்றில் 59 அடித்தவர் சோரன்ஸ்டாம், அதனால் இது சும்மா சொல்கிற பேச்சு இல்லை. பந்துக்குப் பின்னால் தரையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் யோசிக்கிற இடம்: தூரம், காற்று, எந்த கிளப், எந்தக் கிளையைப் பார்த்து, எல்லாம் இங்கே. கோட்டைத் தாண்டினால் ஆடுகிற இடம், அங்கே முடிவெடுப்பது கிடையாது. எனக்கு இது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது மாதிரி இருக்கிறது. சந்தேகம் எல்லாம் வாசலிலேயே. உள்ளே போன பிறகு "ஏழாம் நம்பர் அயர்ன் சரியா, ஆறா?" என்று திரும்ப வந்தால், வெட்கப்படாமல் வெளியே வாருங்கள், மறுபடி யோசியுங்கள், மறுபடி உள்ளே போங்கள். கூட ஆடுகிறவர்கள் ஐந்து வினாடி கூடக் காத்திருப்பார்கள். சந்தேகத்தோடு அடித்துப் பந்தைத் தொலைத்தால், விதிப்படி தேட மூன்று நிமிஷம் எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

கோட்டைத் தாண்டும்போது மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். பிடி எவ்வளவு இறுக்கம் என்று கவனியுங்கள், பதற்றம் முதலில் வந்து சேர்வது விரல்களுக்குத்தான், பிறகு முன்கை, பிறகு தோள். ஒருமுறை விரல்களைத் தளர்த்தித் திரும்பப் பிடியுங்கள். அடுத்து, ஒருமுறை கிளையைப் பார்த்து, ஒருமுறை பந்தைப் பார்த்து, அடித்துவிடுங்கள். பந்தின் மேல் நின்றுகொண்டே பத்து வினாடி போய்விட்டால் குரங்கு வந்துவிடும்.

குழி இருக்கிற கிரீனில் பட்டிங்குக்குக் கண்ணே உதவி செய்யும். கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ், ஆட்டக்காரர்களின் பார்வை எங்கே நிற்கிறது என்று கருவி வைத்துப் பதிவு செய்து 1990களில் இருந்து ஆராய்ந்தவர். நன்றாக பட் அடிக்கிறவர்களின் கண், அடிப்பதற்கு முன் பந்தின் ஒரே புள்ளியில் சுமார் இரண்டு வினாடி அசையாமல் நின்றது, பந்து கிளம்பிய பிறகும் ஒரு கணம் அதே இடத்தில் நின்றது. சுமாராக ஆடுகிறவர்களின் கண் பந்து, பட்டர், குழி என்று அலைந்தது. இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தரையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து அதன்மேல் பந்தை வையுங்கள். அடியுங்கள். பந்து போன பிறகு நாணயத்தில் இருக்கிற எண் கண்ணில் தெரிகிறதா என்று பாருங்கள். குழிக்குள் பந்து விழுந்ததா என்று பார்க்கிற ஆசைதான் தலையை இழுப்பது, அந்த ஆசையும் எதிர்காலம்தான், அரை வினாடி எதிர்காலம். குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர், பந்து அதில் விழுகிற சத்தம் காதில் கேட்கும். கேட்கட்டும்.

அப்புறம், ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவே என்ன செய்வது? இது ஆளுக்கு ஆள் மாறும். லீ ட்ரெவினோ நடக்கும்போதெல்லாம் கூட ஆடுகிறவர், கேடி, வேடிக்கை பார்க்கிறவர்கள் என்று எல்லோரிடமும் வாய் ஓயாமல் பேசுவார். பென் ஹோகன் பேசவே மாட்டார். இருவரும் பெரிய சாம்பியன்கள். உங்களுக்கு எது வருமோ அதைச் செய்யுங்கள். நான் ஒன்று மட்டும் சொல்வேன், தலையைக் குனிந்து தரையைப் பார்த்தபடி நடக்காதீர்கள். குனிந்து நடந்தால் போன ஷாட் தானாக ஓட ஆரம்பிக்கும். கண் கொடிக்கம்பத்தின் உயரத்துக்கு மேலேயே இருக்கட்டும், மரத்தின் உச்சி, பறவை, மேகம், எது வேண்டுமானாலும். பந்துக்கு இருபது அடி இருக்கும்போது கண்ணைக் கீழே கொண்டு வந்தால் போதும்.

இவ்வளவும் செய்தால் மோசமான ஷாட் வராதா? வரும். நிறைய வரும். இதைச் சொல்ல வட அயர்லாந்து ஆட்டக்காரர் ரோரி மெக்கில்ராயைவிட நல்ல ஆள் இல்லை. 2011ல் அவருக்கு 21 வயது, மேஜர்களில் ஒன்றான மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளை நாலு ஷாட் முன்னணியோடு தொடங்கினார். பத்தாவது ஹோலில் டீ ஷாட் இடது பக்கம் வெகுதூரம் விலகி, அங்கே இருக்கிற குடில்களுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அங்கே ட்ரிபிள் போகி (பாரைவிட மூன்று கூட), அடுத்த ஹோலில் போகி, அதற்கடுத்ததில் நாலு பட் அடித்து டபுள் போகி. அன்றைய ஸ்கோர் 80. ஒரு ஹோல் அடுத்த ஹோலுக்குள்ளும், அது அதற்கடுத்த ஹோலுக்குள்ளும் கசிந்து போவது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் அந்த அரை மணி நேரம்தான்.

2025 ஏப்ரலில் அதே மைதானம், அதே கடைசி நாள், இரண்டு ஷாட் முன்னணி. முதல் ஹோலிலேயே டபுள் போகி, முன்னணி அங்கேயே காலி. அடுத்த ஹோலில் கூட ஆடிய பிரைசன் டிஷாம்போ முந்திவிட்டார். டிவியில் பார்த்த நான் 2011தான் திரும்பப் போகிறது என்று பயந்தேன். ஆனால் மூன்றாவது ஹோலில் பேர்டி (பாரைவிட ஒன்று குறைவு), நாலாவதில் பேர்டி. அன்று முழுக்க ரோரி தன்னிடம் பேசவே இல்லை என்று டிஷாம்போ பிறகு சொன்னார். பதிமூன்றாவது ஹோலில் குறைந்த தூரத்துக்கான வெட்ஜ் கிளப்பில் சுலபமான ஷாட்டை ஓடைக்குள் அடித்தார், மறுபடி டபுள் போகி. அடுத்ததில் போகி. அதற்கடுத்த ஹோலிலேயே மரங்களைச் சுற்றி வளைத்து அடித்த ஒரு அயர்ன் ஷாட், பந்து கொடிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கடைசி ஹோலில் பார் எடுத்தால் பட்டம். சின்ன பட், விட்டுவிட்டார். சமமாக முடித்திருந்த ஜஸ்டின் ரோஸோடு, பட்டத்தைத் தீர்மானிக்கிற பிளேஆஃப்.

பதினெட்டாவது டீக்குத் திரும்பப் போக வண்டியை நோக்கி நடக்கும்போது, கேடியும் சிறுவயது நண்பருமான ஹாரி டயமண்ட் அவரிடம் சொன்னதை ரோரியே பிறகு சொல்லியிருக்கிறார்: திங்கட்கிழமை காலையில் யாராவது இந்த நிலைமையை நமக்குக் கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்போமே. எவ்வளவு சாதாரணமான வார்த்தை! தைரியமாக இரு என்று சொல்லவில்லை, அந்த பட் ஷாட்டை மறந்துவிடு என்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் குரங்குதான் வந்திருக்கும். நாம் இப்போது நிற்கிற இடம் எது என்று மட்டும் காட்டினார். அதே ஹோல், அதே ஃபேர்வே, ரோரி அடித்த வெட்ஜ் குழிக்கு மூன்று நாலு அடியில் வந்து நின்றது, பேர்டி, பட்டமும் அவருக்கே. அந்த வாரம் முழுவதும் சேர்த்து அவர் போட்ட டபுள் போகிகள் நாலு.

கடைசியாக, இதை எப்படிப் பழகுவது. 18 ஹோலிலும் ஒரேயடியாக முயற்சி செய்யாதீர்கள், முதல் நாள் மூன்று ஹோல் போதும். ஸ்கோர் கார்டில் எண்ணுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கும். அந்த ஹோலில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் பந்து எப்படிக் கிடக்கிறது என்று உண்மையிலேயே பார்த்தேன், ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்தேன், சந்தேகத்தை வாசலில் விட்டேன் என்றால் ஒரு டிக் போடுங்கள். ஒரு ஷாட்டில் தவறினாலும் டிக் கிடையாது. அடித்த பந்து எங்கே போனது என்பதற்கும் டிக்குக்கும் சம்பந்தம் இல்லை. நான் இதை ஆரம்பித்த முதல் நாள் மொத்தமே இரண்டு டிக். போன ஞாயிற்றுக்கிழமை 11. ஏழாவது ஹோலில் பந்தை மணல் பங்கரில் போட்டு, வெளியே எடுக்க இரண்டு ஷாட் ஆகி, டபுள் போகி போட்டேன். வீட்டுக்கு வந்து கார்டைப் பார்த்தபோது அந்த 6க்குப் பக்கத்திலும் ஒரு டிக் இருந்தது.